மேடா, பள்ளமா?

டோம்பிவிலி ஸ்டேஷன் வாசலில் சில்லறையாக வாங்கும் ஒரு ரூபாயைத் திருப்பிப் பாருங்கள். ஆண்டுக்குக் கீழே குட்டி வைரக் குறி இருந்தால், அது மும்பை மிண்டில் அடித்த காசு. லோக்கல் பிடித்து சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, ஃபோர்ட் பக்கம் நடந்தே போய்விடலாம். நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. குறி விழாமல் போன அபூர்வம் என்று அதை யாராவது விலை பேசினால் சிரித்துவிட்டு நகரலாம்.

காசு பிறக்கும் விதம் எளிது. உலோகத் தகட்டில் வில்லைகளை வெட்டி, விளிம்பை உயர்த்தி, இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓர் அடி. பிழை இந்தக் கட்டங்களில் ஏதாவதொன்றிலோ, அச்சைத் தயாரிக்கும்போதோதான் நேர முடியும். மிண்டை விட்டு வெளியே வந்தபின் நேர்ந்ததெல்லாம் வெறும் சேதம்.

காசின் மேல் ஒரு கோடு தெரிகிறதா? நகத்தால் தடவுங்கள். கோடு மேடாக இருந்தால் அச்சில் விரிசல் விழுந்திருக்கிறது, அடிக்கும்போது உலோகம் அதற்குள் ஏறியிருக்கிறது. பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் கீறல்தான். விரிசல்கூட அப்படியொன்றும் அரிதல்ல. அச்சு லட்சக்கணக்கில் அடித்துத் தேயும்போது வருவதுதான். அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து எழுத்து மங்குவதும் அதே ரகம்.

அதிகம் ஏமாற்றுவது இரட்டை எழுத்து. அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் இருமுறை பதிந்திருந்தால், எழுத்து தடித்து, அதன் முனைகள் பிளந்து நிற்கும். அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட் அப்படித்தான் புகழ்பெற்றது. அடிக்கும் நேரத்தில் அச்சு தளர்ந்து ஆடினால் வருவது வேறு: எழுத்து நசுங்கி, ஓரத்தில் தட்டையான படி போலத் தெரியும். சந்தையில் இரட்டை அச்சு என்ற பெயரில் உலவுவதில் பல இந்த இரண்டாம் வகை.

விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு குறைந்த காசு இன்னும் சுவாரஸ்யமானது. தகடு சரியாக நகராமல், முன்பு வெட்டிய துளையின் மேலேயே வெட்டு விழுந்தால் வில்லை இப்படி அரைகுறையாக வரும். அதன் விளிம்பை உயர்த்தும்போது குறைந்த பக்கம் அழுத்தம் தாங்காது. ஆகவே நேரெதிர்ப் பக்கத்து விளிம்பும் பெரும்பாலும் மங்கிவிடும். அரம் வைத்து ராவியவருக்கு இந்த எதிர்ப்பக்கம் நினைவுக்கு வருவதில்லை.

சேகரிப்பாளர்கள் 'லாக்கி' என்பது, ஒரே உருவம் ஒருபுறம் நேராகவும் மறுபுறம் குழிந்து கண்ணாடிப் பிம்பமாகவும் பதிந்த காசு. முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால் வருவது. பட்டறை வைஸில் இரண்டு காசுகளை நெருக்கியும் குழிந்த உருவம் உண்டாக்கலாம். ஆனால் அதில் பழைய சித்திரம் நசுங்கிய தடம் அடியில் கிடக்கும்.

வடிவமைப்பின் தவறு இதிலெல்லாம் சேராது. 1911இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கியிலிருந்த யானை தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்ப, அரசு காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கி, 1912இல் யானையைத் திருத்தியது. 'பன்றி ரூபாய்'க்கு இன்று மதிப்பு உண்டென்றால், தப்பிப் பிழைத்தவை குறைவு என்பதால்தான். 2012இன் வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாயிலோ பிழையும் இல்லை, அபூர்வமும் இல்லை. லட்சம் பெறும் என்ற புரளி மட்டும் ஓயவில்லை.

பழைய காசு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அதன் பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், போனை வைத்துவிடுங்கள்.