என் மகள் என்ன வாசிக்கிறாள்? நூலகர் சொல்ல மறுத்த பதில்

சில வருடங்களுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை. மகளுக்கு அப்போது 15 வயது. அறைக் கதவைச் சாத்திவிட்டு மணிக்கணக்காக வாசிப்பாள். என்ன வாசிக்கிறாய் என்று கேட்டால், "ஒண்டுமில்லை அப்பா" என்பாள். நான் எங்கள் வட்டாரப் பொது நூலகத்துக்குப் போய், அவளுடைய அட்டையில் என்னென்ன புத்தகங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டேன். முகப்பில் இருந்த பெண்மணி சிரித்த முகத்தோடு மறுத்துவிட்டார். மகளிடம் கேளுங்கள், அவள் சம்மதித்தால் சொல்லலாம் என்றார். நான் தகப்பன் என்றேன். அது அவருக்கு விளங்கியது. ஆனாலும் பதில் மாறவில்லை.

கோபத்தோடுதான் வீடு திரும்பினேன். அவர் என்னை அவமதிக்கவில்லை, தன் தொழிலின் அறத்தைக் காத்தார் என்பது பிறகுதான் புரிந்தது. நம்மில் பலருக்கு அந்த அறம் பற்றித் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நூலகர் என்றால் புத்தகம் அடுக்குபவர், சத்தம் போடாதே என்று சொல்பவர் என்றே நாம் நினைத்து வளர்ந்தோம். ஆனால் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் அவர்களுக்கும் எழுதப்பட்ட ஒழுக்கக் கோவை உண்டு. அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டிலேயே ஒன்றை ஏற்றுக்கொண்டது. வாசகர்களோடு பழகும்போது தெரியவரும் தனிப்பட்ட விடயங்களை இரகசியமாக வைத்திருப்பது நூலகரின் கடமை என்று அதில் அப்போதே சொல்லப்பட்டுவிட்டது. நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்ட கோவையும் இதையே வலியுறுத்துகிறது.

காரணம் எளிது. தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தால், வாசகர் சில புத்தகங்களைத் தொடவே மாட்டார். நோய் பற்றி, விவாகரத்து பற்றி, வேறொரு மதம் பற்றி, அரசியல் பற்றி அறிய விரும்புபவர் வெறுங்கையோடு திரும்பிப் போவார். புத்தகம் அலுமாரியில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

நான் ஒரு கணக்காளன். எங்கள் தொழிலிலும் வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்க வேண்டும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கனடாவில் வரிக்கான பதிவுகளை அந்த வரியாண்டு முடிந்து 6 வருடங்களுக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு துண்டு ரசீதைக்கூட எறிய முடியாது. நூலகரின் அறம் இதற்கு நேர்மாறானது: தேவைக்கு மேல் எதையும் வைத்திருக்காதே என்கிறது. பல நூலகங்களில் புத்தகம் திரும்பி வந்ததும் அதற்கும் எடுத்தவருக்கும் உள்ள தொடர்பைக் கணினி அழித்துவிடும். இல்லாத பதிவை யாரும் கேட்டு வாங்க முடியாது அல்லவா?

இந்த அறம் கடுமையாகச் சோதிக்கப்பட்ட ஒரு சம்பவம் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் நடந்தது. 2001 செப்டெம்பர் தாக்குதல்களுக்குப் பின் வந்த 'பேட்ரியட்' சட்டம், 'தேசிய பாதுகாப்புக் கடிதம்' அனுப்பும் எஃப்.பி.ஐ.யின் அதிகாரத்தை விரிவாக்கியது. அந்தக் கடிதத்துக்கு நீதிபதியின் கையொப்பம் தேவையில்லை. பெற்றவர் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவும் கூடாது என்பது அன்றைய விதி.

2005 ஜூலையில் அப்படியொரு கடிதம் வின்ட்சர் நகரிலுள்ள 'லைப்ரரி கனெக்ஷன்' என்ற அமைப்புக்கு வந்தது. பல நூலகங்களுக்குப் பொதுவான கணினி வசதியை நடத்தும் கூட்டுறவு அமைப்பு அது. அதற்கு முந்திய பெப்ரவரி 15ஆம் திகதி மாலை, சுமார் முக்கால் மணி நேரம் ஒரு நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரங்கள் கேட்கப்பட்டிருந்தன.

அமைப்பின் நிர்வாகப் பணிப்பாளர் ஜோர்ஜ் கிறிஸ்டியன் பயந்துபோய்க் கொடுத்துவிடவில்லை; கடிதத்தைக் கிழித்து வீரம் காட்டவும் இல்லை. சட்ட ஆலோசனை பெற்றார். நிர்வாகக் குழுவிலிருந்த நூலகர்கள் மூவரிடம் கொண்டுபோனார். பார்பரா பெய்லி, பீற்றர் சேஸ், ஜனெற் நோசெக் ஆகிய அந்த மூவரும் அவரோடு சேர்ந்து, அமெரிக்கக் குடியியல் உரிமைகள் ஒன்றியத்தின் உதவியுடன் வழக்குத் தொடர்ந்தார்கள். வாய்ப்பூட்டு இருந்ததால் தங்கள் வழக்கைப் பார்க்க அவர்களுக்கே நீதிமன்ற மண்டபத்துள் இடமில்லை. பிரிட்ஜ்போர்ட்டில் நடந்த விசாரணையை, ஹாட்ஃபோர்ட் நீதிமன்றத்தில் பூட்டிய அறையொன்றிலிருந்து தொலைக்காட்சித் திரையில் பார்த்தார்கள்.

அந்த வாய்ப்பூட்டு செல்லாது என்று செப்டெம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். அரசு மேன்முறையீடு செய்தது. பேட்ரியட் சட்டத்தைப் புதுப்பிப்பது பற்றி நாடே விவாதித்த அந்த மாதங்களில், அதன் பாதிப்பை நேரில் அறிந்த இந்த நால்வராலும் பேச முடியவில்லை. 2006 மார்ச்சில் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. அதற்கடுத்த மாதமே அரசு மேன்முறையீட்டைக் கைவிட்டது. ஜூனில் கடிதத்தின் கோரிக்கையையும் விலக்கிக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சட்டத்துக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒருவர் என்ன வாசித்தார், எதைத் தேடினார் என்று கேட்பதானால் முதலில் ஒரு நீதிபதியின் முன் காரணம் காட்டுங்கள் என்பதே அவர்களின் நிலைப்பாடு. தொழிலில் தலைமைத்துவம் என்பது இதுதான் என்று நினைக்கிறேன். நெருக்கடி வருமுன்னரே தன் கடமை எது என்று தெரிந்திருக்க வேண்டும். வந்தபின் தனியாக முடிவெடுக்காமல் குழுவையும் சட்டத்தையும் நாட வேண்டும். அதன் பிறகு மாதக்கணக்கில் உறுதியாக நிற்க வேண்டும்.

நமக்கு இது அந்நியமான கதையல்ல. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்ததை ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம். ஆனால் புத்தகத்தை எரிக்காமலே வாசிப்பை நிறுத்தலாம் என்பதும் நமக்குத் தெரியும். பையில் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தாலே போதும், ஆபத்துத்தான். துப்பாக்கி எந்தத் தரப்பின் கையில் இருந்தாலும் அதே பயம். என் அம்மா என் புத்தகங்கள் சிலவற்றைப் பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டா. அப்படி வளர்ந்த நான்தான் நூலக முகப்பில் நின்று ஒரு பிள்ளை என்ன வாசிக்கிறாள் என்று விசாரித்தேன்.

பிள்ளைகளைப் பற்றிய கவலை பெற்றோருக்கு இருக்கத்தான் செய்யும். அதைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். நானும் பிறகு கேட்டேன். சிலதைச் சொன்னாள், சிலதைச் சொல்லவில்லை. சொல்லாததை இன்றுவரை நான் தேடவில்லை.

நம் தமிழ்ப் பாடசாலைகளிலும் சிறு நூலகங்கள் உண்டு. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று எழுதிய கொப்பி பலவற்றில் மேசைமேல் திறந்தே கிடக்கும். வருகிறவர் போகிறவர் எல்லாம் புரட்டிப் பார்ப்பார்கள். நான் கணக்குப் பார்க்கும் பாடசாலையிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது கொப்பி லாச்சிக்குள் இருக்கிறது. புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவரின் பெயரை மையால் அழித்துவிடுகிறோம். வருட முடிவில் கொப்பியையே கிழித்துப் போடுகிறோம். முப்பது வருடமாக எந்தப் பதிவையும் எறியாத எனக்கு முதல் தடவை கை கூசியது. உங்கள் பாடசாலை நூலகத்தின் கொப்பி எங்கே இருக்கிறது என்று அடுத்த சனிக்கிழமை ஒருமுறை பாருங்கள்.