இரும்புக்குள் மின்சாரம் – 11: சுழல் என்ஜினுக்குப் புது இசியு

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி என்ஜினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. தலா 654 சிசி கணக்கில் இரண்டு முக்கோண ரோட்டர்கள், ஒரே எக்சென்ட்ரிக் ஷாஃப்டைச் சுழற்றுகின்றன. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று முடித்துவிடும். ரோட்டரின் மூன்று முகங்களிலும் முறைவைத்து எரிப்பு நடப்பதால், ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு எரிப்பு. இரண்டுக்கும் இடையே 180 டிகிரி. ஆக, ஷாஃப்டின் ஒரு சுற்றில் இரண்டு எரிப்புகள். நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜினிலும் இதே கணக்குதான். ரோட்டரிக்கென்று தனி அமைப்பு இல்லாத இசியுவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இந்த என்ஜினை நாலு சிலிண்டர் என்று பதிந்து வேலையைத் தொடங்க முடிவது இதனால்தான்.

கார் கம்பெனி பொருத்தும் இசியு, என்ஜின் ஆலையை விட்டு வந்த நிலைக்கென்றே எழுதப்பட்டது. டர்போவையும் இன்ஜெக்டரையும் பெரிதாக்கினால், எவ்வளவு பெட்ரோல், எந்த டிகிரியில் பொறி என்ற அதன் அட்டவணைகள் பொருந்தாமல் போகும். அட்டவணையை லேப்டாப்பில் திருத்திக்கொள்ளக்கூடிய ஹால்டெக், லிங்க், மெகாஸ்குவிர்ட் போன்ற இசியுக்கள் அப்போது தேவைப்படுகின்றன.

தமிழ்நாட்டில் மாஸ்டா என்றால் சுவராஜ் மாஸ்டா வேன்தான் நினைவுக்கு வரும். ஆர்எக்ஸ் கார்கள் இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்ததில்லை. இலங்கையில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஆர்எக்ஸ்-8கள் ஓடுகின்றன. இந்தியாவில் வான்கல் எனப்படும் இந்தச் சுழல் என்ஜின் தரையைவிட வானத்தில்தான் பேர் எடுத்தது. உள்நாட்டில் உருவான 55 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை ரோட்டர் என்ஜின், நிஷாந்த் ஆளில்லா விமானத்தை 2009 ஏப்ரலில் கோலார் அருகே பறக்கவைத்தது. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகமும் அகமத்நகரின் ராணுவ வாகன ஆய்வு நிறுவனமும் அதில் சேர்ந்து உழைத்தன.

வயரிங்கில் முதலில் பார்க்கவேண்டியது ஷாஃப்டின் நிலையைச் சொல்லும் சென்சார். 1990களின் ஆர்எக்ஸ்-7இல் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு 12 துடிப்புகள் தரும் சென்சார் ஒன்று. சுற்றின் தொடக்கத்தைக் காட்ட ஒரு துடிப்பு தரும் சென்சார் இன்னொன்று. இரண்டும் காந்தச் சுருள் வகை. 12 பற்கள் என்றால் பல்லுக்குப் பல் 30 டிகிரி. பக்கத்திலுள்ள இக்னிஷன் காயிலின் இரைச்சல் இந்த வயரில் ஏறி, அதை இசியு ஒரு பல்லாக எண்ணிவிட்டால், பொறி 30 டிகிரி தள்ளிப் போகும். 8000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 7.5 மில்லிவினாடி. அந்த வேகத்தில் தவறைக் கண்டு திருத்திக்கொள்ள யாருக்கும் அவகாசம் இல்லை. ஒரு சென்சாரின் இரண்டு வயரையும் முனை மாற்றி இணைத்தால் வேறொரு தொல்லை: என்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகர்ந்துகொண்டே போகும். ஓடுகிறதே என்று விட்டுவிடத் தோன்றுவதால் இது அதிக ஆபத்தான தவறு.

அடுத்தது பொறி. கவனம் முழுவதும் குவியவேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு ரோட்டர் அறையிலும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள்: கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். லீடிங் முதலில் எரிக்கும். சுமார் 10 முதல் 15 டிகிரி கழித்து டிரெய்லிங் எரிக்கும். மாஸ்டாவின் பழைய அமைப்பில் இரு அறைகளின் லீடிங் பிளக்குகளுக்கும் ஒரே காயில்தான். ஒன்றுக்குத் தேவைப்படும்போது மற்றதிலும் பொறி வீணாக விழும், அதனால் கேடில்லை. டிரெய்லிங்கில் அப்படிச் செய்யவே கூடாது. எரிப்பு முடிந்து ஷாஃப்ட் 180 டிகிரி சுற்றும்போது ரோட்டர் 60 டிகிரி திரும்பியிருக்கும். அதன் முனை இரண்டு பிளக்குகளுக்கும் நடுவே வந்து நிற்கும். லீடிங் பக்கம் எரிந்து விரியும் வாயு. டிரெய்லிங் பக்கமோ அடுத்த முகம் அழுத்திக்கொண்டிருக்கும் புதுக் கலவை. அங்கே ஒரு வீண்பொறி விழுந்தால் கலவை அகாலத்தில் பற்றும். முனையிலுள்ள அபெக்ஸ் சீல் உடைந்து, துண்டு வெளியேறும் வழியில் டர்போவையும் கெடுக்கும். ஆகவே டிரெய்லிங்குக்கு அறைக்கொன்றாகத் தனிக் காயில் வேண்டும். இப்போது பலரும் நான்கு பிளக்குகளுக்கும் நான்கு தனிக் காயில்கள் வைத்து, இசியுவிலிருந்து நான்கு சிக்னல் வயர்கள் இழுக்கிறார்கள். அந்த நான்கில் எல்1, எல்2, டி1, டி2 (எல் லீடிங், டி டிரெய்லிங்; 1 முன் அறை, 2 பின் அறை) எவை என்பது ஒருபோதும் ஐயத்துக்கு இடமாகக் கூடாது.

இந்த ஒழுக்கத்தை ரேஸ் கார் பட்டறையில்தான் கற்கவேண்டும் என்பதில்லை. தேர்வாய் கண்டிகையில் மிஷலின் டயர் ஆலை உள்ள சிப்காட் வளாகத்திலும் கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் பேனல் வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்கு இது அன்றாடம். வயரின் இரு முனையிலும் எண் பொறித்த ஃபெரூல், அதே எண் வரைபடத்திலும். லக்கை அதற்குரிய கருவியால் கிரிம்ப் செய்து இழுத்துப் பார்ப்பது. சென்சார் கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது. மோட்டார் டிரைவின் இரைச்சலிலிருந்து ஆலையின் சென்சாரைக் காக்கும் விதிகள் அப்படியே காயிலின் இரைச்சலிலிருந்து ஷாஃப்ட் சென்சாரைக் காக்கின்றன. இத்துடன் காருக்கென்று மூன்று விதிகளைச் சேர்க்கவேண்டும். சென்சார்களின் எர்த் வயர்கள் இசியுவுக்கே திரும்பவேண்டும், பாடியில் எங்கும் தொடக்கூடாது. காயில்களின் எர்த் தனியாக என்ஜின் பிளாக்குக்குப் போகவேண்டும். இசியுவுக்கான 12 வோல்ட், சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போதும் அறுபடாத இடத்திலிருந்து ரிலே வழியாக வரவேண்டும்.

இன்ஜெக்டர் வயரிங் எளிது. 1990களின் ஆர்எக்ஸ்-7 டர்போவில் 550 சிசி பிரைமரி இரண்டு, 850 சிசி செகண்டரி இரண்டு. பாரம் ஏறிய பிறகே செகண்டரி திறக்கும். வேறு இன்ஜெக்டர் போட்டால் அதன் ஓம் அளவை மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளவேண்டும். 2 முதல் 4 ஓம் வரை உள்ளவற்றை நேரடியாக இணைத்தால் பல இசியுக்களின் டிரைவர் எரிந்துவிடும். தொடரில் ரெசிஸ்டர் வேண்டும்.

பலர் மறப்பது எண்ணெயை. அபெக்ஸ் சீலுக்கு எண்ணெய் தரும் பம்பை இந்த மாடலில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் இயக்குகிறது. அதை இயக்கத் தெரியாத இசியுவைப் பொருத்தினால் சீல் வறண்டு தேயும். அப்போது பழைய பஜாஜ் சேட்டக்குக்கு பங்கில் 2டி ஆயில் கலந்ததைப் போல, பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்கவேண்டும். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் இணைப்புகளையும் பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் கழற்றிவிட்டு கிராங்க் செய்யவேண்டும். பெட்ரோல் சேர்ந்தால் ரோட்டரி எளிதில் ஃப்ளட் ஆகும். லேப்டாப்பில் ஆர்பிஎம் தாவாமல் நிலையாகத் தெரிகிறதா, சென்சார் பிழை எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு இசியுவில் பொறியை லீடிங்குக்கு மேல்நிலை தாண்டி 5 டிகிரி, டிரெய்லிங்குக்கு 20 டிகிரி என்று பூட்டி, கழற்றியவற்றைத் திரும்ப மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, முன் புல்லியிலுள்ள இரண்டு குறிகளையும் டைமிங் லைட்டில் பார்க்கவேண்டும். முதலில் எல்1, பிறகு டி1. பின் அறையில் பொறி முறையே வருகிறதா என்பதையும் எல்2, டி2 வயர்களில் லைட்டை மாட்டிச் சரிபார்க்கவேண்டும். ஐட்லிங்கில் குறி சரியாக நின்றால் போதாது. 3000 ஆர்பிஎம்மிலும் அசையாமல் நிற்கவேண்டும். நகர்ந்தால் சென்சார் வயரின் முனைகளைத் திரும்பப் பார்க்கவேண்டும். நின்றுவிட்டால் வயரிங் வேலை முடிந்தது. பெட்ரோல் அட்டவணையைத் திருத்துவது, வெளியேறும் புகையின் ஆக்சிஜனை அளந்துகொண்டே டைனோவில் செய்யவேண்டிய தனி வேலை.