முட்டிய காரும் முட்டிக்கொள்ளும் மூவரும்

விபத்தில் நசுங்கிய கார் ஒன்று ஒர்க்‌ஷாப்புக்குள் இழுத்து வரப்படும்போது அதைச் சுற்றி மூன்று கணக்குகள் ஓடத் தொடங்குகின்றன. வண்டி பழையபடி ஆக வேண்டும், கைக்காசு போகக் கூடாது என்பது உரிமையாளரின் கணக்கு. மாற்றும் பாகங்கள் கூடினால் பில்லும் கூடும் என்பது ஒர்க்‌ஷாப்பின் கணக்கு. பாலிசியில் எழுதியதற்கு மேல் ஒரு ரூபாயும் போகக் கூடாது என்பது காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு. இந்த மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் எழும் சண்டைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, “இதற்குப் பணம் கிடையாது” என்ற பதிலால் வருவது. மற்றொன்று, “வேலை சரியில்லை” என்ற குறையால் வருவது. முதலாவதற்கு அச்சிட்ட விதிகள் இருக்கின்றன, உரிமையாளர்கள் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல். இரண்டாவதற்கு அப்படி எழுதிவைத்த அளவுகோல் பாலிசியில் இல்லை. அங்கே ஆதாரம் வைத்திருப்பவரின் பேச்சுதான் எடுபடும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டுமே. அதாவது, வண்டி மோதி அடுத்தவருக்கு ஏற்படும் காயம், மரணம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பு. சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பு உரிமையாளர் விரும்பி வாங்குவது. இரண்டையும் சேர்த்து வாங்கியதைத்தான் பேச்சுவழக்கில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்கிறார்கள். இந்தப் பெயரே பாதி வம்புக்குக் காரணம். அது ‘ஃபுல்’ அல்ல. அதற்கும் மேலே உள்ள ‘பம்பர் டு பம்பர்’ என்ற சொல்லும் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய வண்டிகளுக்கு ஐந்தாண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டு, அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. அந்த உத்தரவில் அச்சொல் ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் ஆகியோருக்கான காப்பையும் குறித்தது. காப்பீட்டு முகவர்கள் வாயில் அதே சொல்லுக்குப் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ‘ஜீரோ டெப்’ என்றே பொருள்.

தேய்மானம்தான் பில் சண்டைகளின் ஊற்றுக்கண். பழைய பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடும்போது உரிமையாளருக்கு லாபம் கிடைக்கிறது, அந்த லாபத்துக்குக் காப்பீடு பணம் தராது என்பதே இதன் அடிப்படை. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம் கழிக்கப்படும். ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதே கணக்கு: முதல் ஆறு மாதம் கழிவில்லை, ஓராண்டு வரை 5 சதவீதம், இரண்டாண்டு வரை 10, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25, ஐந்தாண்டு வரை 35, பத்தாண்டு வரை 40, அதற்கு மேல் 50. பெயின்டிங்கில் பொருளுக்கு மட்டும் பாதி கழியும். பில்லில் பொருளும் கூலியும் பிரித்துக் காட்டப்படவில்லை என்றால் மொத்தத்தில் கால் பங்கு பொருள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நாலரை ஆண்டு ஓடிய ஒரு சிறிய கார் முன்பக்கம் மோதியதாக வைத்துக்கொள்வோம். பானட் 12,000 ரூபாய், பம்பர் 8,000, பிளாஸ்டிக் ஹெட்லைட் 10,000, முன் கண்ணாடி 9,000, கூலி 10,000, பெயின்டிங் 16,000. ஆக 65,000 ரூபாய். பானட்டில் 4,200, பம்பரில் 4,000, ஹெட்லைட்டில் 5,000, பெயின்டிங்கில் 2,000 கழியும். 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 1,000 ரூபாயையும் சேர்த்தால் 16,200 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் கேஷ்லெஸ் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) என்ற சொல்லை நம்பி வெறுங்கையோடு வண்டி எடுக்க வந்தவருக்கு இது மோசடியாகவே தெரியும். ஜீரோ டெப் வாங்கியிருந்தாலும் 1,000 ரூபாய் போகும். என்ஜின் ஆயில், ஏசி கேஸ், நட்டு போல்ட்டு போன்றவற்றுக்குத் தனிச் சேர்ப்புக் காப்பு வாங்கியிருக்காவிட்டால் அந்தச் செலவும் சேரும்.

கழிவைவிடக் கசப்பானது அடியோடு மறுக்கப்படும் பாகம். அடிப்பகுதி கல்லில் இடித்து ஆயில் சம்ப் உடைகிறது. ஓட்டுநர் கவனிக்காமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஆயில் முழுவதும் வடிந்து என்ஜின் பிடித்துக்கொள்கிறது. உடைந்த சம்ப்புக்குப் பணம் உண்டு, என்ஜினுக்கு இல்லை என்கிறது நிறுவனம். சம்ப் உடைந்தது விபத்து. என்ஜின் போனது அதன் பின்விளைவு என்பது வாதம். விபத்துக்குப் பின் பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பலர் இதே பாடத்தைப் படித்தார்கள். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகிய வண்டிகளின் என்ஜினுக்குள் நீர் புகுந்திருந்தது. பிஸ்டன் நீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்தது. இருக்கை, வயரிங் நனைந்ததற்குக் காப்பு உண்டு; ஸ்டார்ட் செய்ததால் கெட்ட என்ஜினுக்கு ‘என்ஜின் புரொடெக்டர்’ என்ற சேர்ப்புக் காப்பு இருந்தால்தான் உண்டு. அடி பட்ட வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே பணத்தைக் காக்கும். அதிலும் ஒரு வேடிக்கை: இழுவைச் செலவுக்குச் சாதாரணத் தனியார் கார் பாலிசி தருவது 1,500 ரூபாய்தான்.

எந்தச் சேதம் விபத்தால் வந்தது, எது முன்பே இருந்த துரு, எதைத் தட்டி நிமிர்த்தலாம், எதை மாற்ற வேண்டும் என்று மதிப்பிடுபவர் சர்வேயர். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும் என்று 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64யூஎம் பிரிவு சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அதன் பின் ஏழு நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சர்வேயருக்குக் கூலி கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். அவர் நடுநிலையாளர் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. உரிமையாளர் அப்படி நினைப்பது அரிது. இந்தச் சந்தேகத்துக்கு நீதிமன்றம் அளவான பதில் தந்திருக்கிறது. சர்வேயர் அறிக்கை கடைசிச் சொல் அல்ல, போதிய ஆதாரம் இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று 2009இல் ஒரு லாரி விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனக்குப் பிடித்த அறிக்கை வரும்வரை நிறுவனம் காரணமின்றி சர்வேயரை மாற்றிக்கொண்டே போகக் கூடாது என்று அதே ஆண்டில் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது.

ஒர்க்‌ஷாப் முதலில் போடும் எஸ்டிமேட் வெளியே தெரியும் சேதத்துக்கானது. பம்பரைக் கழற்றிய பிறகுதான் ரேடியேட்டர் சட்டம் வளைந்திருப்பதும், ஏப்ரன் நசுங்கியிருப்பதும் தெரியவரும். அப்போது கூடுதல் எஸ்டிமேட் போட்டு, சர்வேயரை மறுபடி வரவழைத்துக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அவர் பார்க்காமல் மாற்றிய பாகத்துக்குப் பணம் வாங்குவது குதிரைக் கொம்பு. கழற்றிய பழைய பாகங்களையும் அவர் பார்வைக்கு வைத்திருப்பது நல்லது.

இனி வேலைத்தரம். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப்களுக்கும் கூலியிலும் பாகத்திலும் தள்ளுபடி ஒப்பந்தம் இருப்பது வழக்கம். அந்தத் தள்ளுபடியை ஒர்க்‌ஷாப் எங்கே ஈடுகட்டும் என்பதை ஊகிக்க அதிக அறிவு தேவையில்லை. மாற்ற வேண்டிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் தடிமனாகப் பட்டி வைத்து, மேலே பெயின்ட் அடித்தால் ஷோரூம் வெளிச்சத்தில் குறை தெரியாது. ஒரு மழைக்காலம் போனால் பட்டி உப்பி விரியும். நிழலில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பேனல்கள் உச்சி வெயிலில் வேறு வேறு நிறமாகத் தெரியும். இவை கண்ணுக்குத் தெரியும் குறைகள், உயிருக்குக் கேடில்லை. சேஸி நேராக்கப்படாமல் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்துவிடுவதும் உயிரோடு விளையாடுவது.

பாகம் அசலா போலியா என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. அசல் உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் போட்டதாலேயே சந்தை மாறிவிடவில்லை. அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில் விலை அதிகம், வெளியே பாகத்தின் மீது நம்பிக்கை குறைவு என்ற இக்கட்டு தொடர்கிறது. பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் அச்சிடப்பட வேண்டும் என்று கேட்பதும், புதிய பாகத்தின் பெட்டியைப் படம் எடுத்துவைப்பதும் வாடிக்கையாளர் கையில் உள்ள வழி.

தரச் சண்டையின் தலைவிதி வண்டியைத் திரும்ப எடுக்கும் அரை மணி நேரத்தில் எழுதப்படுகிறது. மாலையில், அவசரத்தில், கழுவிய ஈரம் காயாத வண்டியின் பக்கத்தில் “வேலை திருப்தி” என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்து, கதவு இடைவெளிகளைக் கைவிரலால் அளந்து, ஓட்டிப் பார்த்து, குறை இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதிய பிறகுதான் கையெழுத்திட வேண்டும். முன்பே கையெழுத்திட்டவர் கைகழுவப்பட்டார் என்றும் கொள்ள வேண்டியதில்லை. காப்பீட்டு இழப்பீட்டுக்கான ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரில் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மோசடியாலோ வற்புறுத்தலாலோ வாங்கிய கையெழுத்து செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே சொல்லியிருந்தது.

பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில், அதாவது ஐடிவியில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியைக் குறைத்து வாங்கியவர் இங்கேதான் அடி வாங்குகிறார். ஓடக்கூடிய வண்டி காயலான் விலைக்குப் போகும். பேச்சு இழுத்தால் ஒர்க்‌ஷாப் நாள் வாடகையும் கேட்கும். இதற்கு நேர் எதிர், சின்னக் கீறலுக்கு இழப்பீடு கேட்பது. தொடர்ந்து இழப்பீடு கேட்காதவருக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் பிரீமியச் சலுகை ஒரே கோரிக்கையில் பூஜ்யமாகிவிடும்.

சண்டை முற்றினால் எங்கே போவது என்பது எதிரி யார் என்பதைப் பொறுத்தது. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. வேலைத்தரம் குறித்து ஒர்க்‌ஷாப் மீது அங்கே புகார் செய்ய முடியாது. அதற்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் இடம்; இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனமே அனுப்பிய கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை கெட்டிருந்தால் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது நல்லது. இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பெயின்ட் உதிர்ந்தது, வண்டி இழுக்கிறது என்று வாயால் சொன்னால் ஆணையத்தில் நிற்காது. வேறொரு தகுதியான மெக்கானிக் பார்த்து எழுதித் தந்த அறிக்கை வேண்டும், அதுவும் வண்டியை மறுபடி பிரித்து வேலை செய்வதற்கு முன்பே வாங்கியதாக இருக்க வேண்டும். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.