ஆண் தொண்டையில் பெண் குரல்! ரஷ்யாவைக் கலக்கிய விட்டாஸ்

பாட்டு தொடங்கும்போது சாதாரண ஆண் குரல்தான். மெலிந்த வாலிபர் ஒருவர் மெதுவாகப் பாடுகிறார். பல்லவி வந்ததும் குரல் ஏறுகிறது. ஏறுகிறது, ஏறுகிறது, நிற்கவே இல்லை! பாடகிகளே தயங்கும் உயரத்தில் போய் நின்றுகொண்டு கூவுகிறது.

முதல் தடவை கேட்டபோது, பிளாட்பாரத்தில் கார்டு ஊதும் விசில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை. கூட்டம் எவ்வளவு இரைந்தாலும் அந்த விசில் தனியே கேட்கும் அல்லவா?

அவர் பெயர் விட்டாஸ். இயற்பெயர் விட்டாலி கிரச்சோவ். அந்தப் பாட்டு 'ஓபரா எண் 2'. 2000-ம் ஆண்டு இறுதியில் வெளிவந்து ரஷ்யாவையே பேச வைத்தது. மறு ஆண்டு வந்த 'அற்புதத்தின் தத்துவம்' என்ற இசைத்தொகுப்பிலும் அது இடம்பெற்றது.

மீன் மனிதனா?

அந்தப் பாட்டுக்கு எடுத்த படத்தில், விட்டாஸ் கழுத்தில் மீனின் செவுள் இருக்கும். அதைத் துணியால் மறைத்துக்கொண்டு தனியே வாழ்வார். அவ்வளவுதான், வதந்தி பறந்தது. 'நிஜமாகவே செவுள் இருக்கிறதாம்', 'தொண்டையில் ஆபரேஷனாம்' என்றார்கள். 'பாடுவது மெஷின்' என்றவர்களும் உண்டு.

செவுளும் இல்லை, மந்திரமும் இல்லை. நம் ஊரில் கள்ளத்தொண்டை என்பார்களே, அதன் உச்சம்தான் இது. பேசும்போது ஆணின் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 120 தடவை அதிரும். பெண்ணுக்குச் சுமார் 200. கள்ளத்தொண்டையில் நாண்கள் இழுபட்டு மெலிந்து, ஓரம் மட்டும் அதிரும். ஒவ்வொரு ஸ்தாயி ஏறும்போதும் அதிர்வு இரட்டிப்பாகும். ஆனால் பெரும்பாலோருக்கு அங்கே குரல் காற்றாகிவிடும். விட்டாசுக்குக் கத்தி போல நிற்கிறது. அதுதான் அதிசயம்.

2002-ல் மாஸ்கோ கிரெம்ளின் அரண்மனை மண்டபத்தில் தனிக் கச்சேரி செய்தார். கம்யூனிஸ்ட் கட்சி மாநாடுகள் நடந்த மண்டபம் அது. சுமார் 6,000 பேர் அமரலாம். அப்போது அவருக்கு வயது 23! பிறகு சீனாவிலும் பெரும் புகழ் கிடைத்தது.

அம்மாவின் பாட்டுகள்

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கு நடுவே தாயை இழந்தார். 2003-ல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'என் அம்மாவின் பாடல்கள்'. அம்மா விரும்பிய பழைய சோவியத் பாட்டுகளைத் தேடிப் பாடினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போகட்டும், இவர் பாடகர்தான் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான்.

விட்டாஸ் 1979-ல் பிறந்தது லாட்வியாவில். வளர்ந்தது உக்ரைனின் ஒடெஸ்ஸா துறைமுக நகரில். பிழைக்க வந்தது மாஸ்கோவுக்கு. பிறந்தபோது மூன்றும் ஒரே நாடு. 1991-ல், அவருடைய பன்னிரண்டாம் வயதில், அந்த நாடே இல்லாமல் போயிற்று. ஒடெஸ்ஸாவில் அம்மா விரும்பிய பாட்டு, மாஸ்கோவில் எந்த அம்மாவுக்கும் தெரிந்த பாட்டு.

மொழி புரியாதே என்று தயங்க வேண்டாம். செல்போனில் தேடினால் கிடைக்கும். முதலில் 'ஓபரா எண் 2', பிறகு அம்மாவின் பாட்டுகள் என்று கேளுங்கள். ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருந்து, நைட் ஷிப்டு முடிந்தவர் தூங்கிக்கொண்டிருந்தால், சத்தத்தை முன்னதாகவே குறைத்து வையுங்கள்.