நாய்க்கு உண்ணிக் காய்ச்சலா? மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க!

ஆவடி, அம்பத்தூர் பக்கம் நாய் வளர்க்கிறவங்களுக்கு ‘டிக் ஃபீவர்’ புதுசில்லை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா இதற்கு ஒரு முக்கியக் காரணம். காய்ச்சல், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, சில சமயம் மூக்கில் ரத்தம். பிளேட்லெட் குறைந்திருந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும். ஸ்லைடில் கிருமி சிக்காமலும் போகலாம், பி.சி.ஆர் டெஸ்ட்டில் மாட்ட வாய்ப்பு அதிகம்.

சிக்கலே இதுக்கப்புறம்தான். டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்ச ஓரிரு நாளிலேயே நாய் வாலாட்டிக்கிட்டு ஓடும். ‘சரியாயிடுச்சு’ன்னு நாமளும் நிறுத்திடுவோம். கோர்ஸ் வழக்கமா 28 நாள் பாஸ்! பாதியில் விட்டால் கிருமி உடம்பில் பதுங்கி, பின்னாடி எலும்பு மஜ்ஜையையே பாதிக்கலாம்.

மாத்திரை முடிந்ததும் பிளேட்லெட்டை மறுபடி பாருங்க, தேவைப்பட்டால் பி.சி.ஆர். ஆன்டிபாடி கிட் இதுக்கு உதவாது. நோய் போன பிறகும் பல மாதம் ‘பாசிட்டிவ்’ காட்டும். அப்படியே வீட்டுச் சுவர் விரிசல்களையும் பாருங்க. உண்ணி முட்டையிடுற இடம் அதுதான்.