கன்றுக்குப் பால் மாவு: கணக்கும் பக்குவமும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரலை நாடி வெளியூரார் வருகின்றனர். அதே சாரல் தென்காசிச் சுற்றுவட்டாரத்துத் தொழுவங்களில் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஈரத்தரையில் படுக்கும் இளங்கன்று, உண்ட பாலில் ஒரு பங்கை உடற்சூட்டைக் காக்கவே செலவிட்டுவிடும். அச்சமயத்தில் பாலையும் குறைத்தால் கழிச்சலும் சளியும் எளிதில் பற்றும். ஆயினும் சங்கத்துக்கு ஊற்றும் பால் கூடவேண்டுமென்று கன்றின் வயிற்றைக் காயப்போடும் வழக்கம் அங்கத்தினரிடையே இன்னும் மறைந்தபாடில்லை. அங்ஙனம் மடியும் கிடாரிக் கன்று ஏறக்குறைய மூன்றாண்டில் கறவைக்கு வரவேண்டிய பசுவாகும். இந்த நஷ்டத்தை எந்தப் பற்று வரவுப் புத்தகமும் காட்டுவதில்லை.

இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவது, பாலுக்குப் பதிலாகக் கன்றுக்குக் கரைத்துக் கொடுக்கும் மாவு. கொழுப்பு நீக்கிய பால்தூளும் தாவரக் கொழுப்பும் உயிர்ச்சத்துக்களும் தாது உப்புக்களும் அதில் அடங்கும். (1955இல் ஆனந்தில் கெய்ரா கூட்டுறவுச் சங்கத்தார் செய்துகாட்டும்வரை, எருமைப்பாலைத் தூளாக்க இயலாது என்றே மேனாட்டு நிபுணர் பலர் கருதினர்.) பால்தூளைக் குறைத்துச் சோயாவை மிகுத்த மாவு, மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்றுக்குச் சரிவரச் செரியாது. பையின்மேல் அச்சிட்டிருப்பதை வாசித்து வாங்குக.

சீம்பாலின் இடத்தை இம்மாவு நிரப்பாது. நோயைத் தடுக்கும் பொருள்கள் பசுவின் கருப்பை வழியே கன்றுக்குச் செல்வதில்லை, சீம்பாலில்தான் கிட்டும். அவற்றை உறிஞ்சும் ஆற்றலும் கன்றின் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாளே உண்டு. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திராமல், ஈன்ற ஓரிரு மணி நேரத்திலேயே ஊட்டிவிட வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும். 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர். 60 நாளைக்கு 150 லிட்டர். பொதுவாக 125 கிராம் மாவு ஒரு லிட்டராகும். ஆகவே ஏறத்தாழ 19 கிலோ மாவு செலவாகும். ஒரு கிலோ மாவு 8 லிட்டர் பாலுக்கு ஈடு. எனவே 8 லிட்டருக்குச் சங்கம் தரும் தொகையைவிட ஒரு கிலோ மாவின் விலை குறைந்திருந்தாலன்றி ஆதாயமில்லை. தறியோடு ஒற்றைப் பசுவை வைத்திருக்கும் நெசவாளர்க்குத் தாய்ப்பாலே சிலாக்கியம் என்பது என் கருத்து. தாய் இறந்தாலோ மடிநோய் கண்டாலோ மாவு கைகொடுக்கும்.

மாவைத் திடீரென மாற்றாமல், முதல் வாரத்துக்குப்பின் பாலோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குக. கரைசல் கைபொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கட்டும். மலிவுக்காக நீரைக் கூட்டுவதும், அரிசிக் கஞ்சியைக் கலப்பதும் கழிச்சலுக்கு வழி. மாவுச்சத்தைச் செரிக்கும் சக்தி இளங்கன்றுக்குக் குறைவு. வாளியை ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் கழுவுக. இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனமும் நல்ல நீரும் எதிரில் இருக்கவேண்டும். நாளொன்றுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை தீவனத்தைக் கன்று சில நாள் தொடர்ந்து தின்றபின்னரே பாலை நிறுத்தலாம்.