விருத்தாசலம் சிலை சிட்னிக்குப் போனது எப்படி? வெளிநாட்டில் இருக்கும் குற்றவாளியை நம்ம போலீஸ் பிடிப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரத்தில் விருத்தாசலம் போய்விடலாம். அங்குள்ள விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை 2004ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்தது. விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். திருட்டு நடந்தது ஒரு நாட்டில், விற்றது இன்னொரு நாட்டில், பொருள் இருந்தது மூன்றாவது நாட்டில். இப்படி ஒரு வழக்கை யார் விசாரிப்பது?

நம்ம போலீஸ் நேரா போய்ப் பிடிக்க முடியாதா?

முடியாது. தமிழ்நாடு போலீஸின் அதிகாரம் இந்திய எல்லையோடு சரி. வெளிநாட்டில் ஒருவரைத் தேட வேண்டுமென்றால் கோரிக்கை சிபிஐக்குப் போக வேண்டும். இன்டர்போலுக்கு இந்தியாவின் தொடர்பு அலுவலகம் அதுதான். அது கேட்டுக்கொண்டால் இன்டர்போல் 'ரெட் கார்னர் நோட்டீஸ்' வெளியிடும். சினிமாவில் காட்டுவது போல இது கைது வாரண்ட் அல்ல. "இவரைத் தேடுகிறோம், கண்டால் நிறுத்தி வையுங்கள்" என்ற வேண்டுகோள்தான். மதிப்பதும் மதிக்காததும் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

கபூர் விஷயத்தில் ஜெர்மனி மதித்தது. 2011 அக்டோபர் 30ஆம் தேதி ஃபிராங்பர்ட் விமான நிலையத்தில் அவர் பிடிபட்டார். 2012 ஜூலையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். அதற்குள் எட்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் இருந்துமே இந்த நிலை!

ஆள் வந்தால் போதுமா?

போதாது, ஆதாரம் வேண்டும். விற்பனை ரசீது, வங்கிக் கணக்கு, ஈமெயில் எல்லாம் வெளிநாட்டில் கிடக்கும். அதைப் பெற இங்குள்ள நீதிமன்றம் வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு வேண்டுகோள் கடிதம் அனுப்பலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 166ஏ, இப்போது புதிய சட்டத்தில் 112ஆவது பிரிவு. அமெரிக்கா போல பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் உள்ள நாடு என்றால் டெல்லி உள்துறை அமைச்சகம் வழியாகக் கேட்கலாம். எந்த வழியானாலும் மாவட்டம், சென்னை, டெல்லி என்று ஃபைல் நகர்ந்துதான் ஆக வேண்டும். போலீஸ் அனுப்பும் கோரிக்கைகளுக்காக 2025 ஜனவரியில் 'பாரத்போல்' என்ற ஆன்லைன் தளம் தொடங்கப்பட்டது. கடிதப் போக்குவரத்து கொஞ்சம் குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தக் குற்றத்தைச் சொல்லி ஒருவரைக் கேட்டு வாங்கினோமோ, அதற்காகத்தான் பொதுவாக விசாரிக்க முடியும். கூடுதல் வழக்கு போட, ஒப்படைத்த நாட்டின் சம்மதம் வேண்டும்.

கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பர் 1ஆம் தேதி கபூருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அது அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் அருகே சுத்தமல்லி கோயில் சிலைகள் திருடுபோன வழக்கு. தீர்ப்பு வந்த அன்று, அவர் இந்தியச் சிறைக்கு வந்தே பத்து வருடம் தாண்டியிருந்தது! அமெரிக்காவும் சும்மா இல்லை. மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் கபூர் கும்பல் கடத்திய 2,500க்கும் மேற்பட்ட பொருள்களை மீட்டிருக்கிறது, மதிப்பு 14 கோடி டாலருக்கு மேல். அவரைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி 2020லேயே மனுவும் கொடுத்துவிட்டது.

சிலை மட்டும் எப்படிச் சீக்கிரம் வந்தது?

அதற்குக் காரணம் பழைய போட்டோக்கள். 1970ல் டெல்லி கடை ஒன்றில் வாங்கியதாக அர்த்தநாரீஸ்வரருக்கு ஒரு ரசீது காட்டப்பட்டது. பழங்காலப் பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த ஆண்டு அது, அதனால்தான் அந்தத் தேதி. ஆனால் அதன் பிறகும் சிலை கோயிலிலேயே இருந்ததைப் படங்கள் காட்டிக் கொடுத்தன. இதுபோன்ற வழக்குகளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களில் இருந்து எடுத்து வைத்த கோயில் படங்கள்தான் பெரிய துருப்புச்சீட்டு. மஞ்சக்குப்பத்திலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர்!

வழக்கு முடியும் வரை ஆஸ்திரேலியா காத்திருக்கவில்லை. 2014 செப்டம்பரில் டெல்லி வந்த பிரதமர் டோனி அபோட், அர்த்தநாரீஸ்வரரையும் அரியலூர் ஸ்ரீபுரந்தான் நடராஜரையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். தண்டனைத் தீர்ப்பு வந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து.